ஜெபக்கூட்டத்துக்கு விரிச்ச ஒட்டுப்போர்வை

அன்னிக்கு எனக்கு இருந்த வேலை ஒண்ணே ஒண்ணுதான். சாயந்திரம் எங்க வீட்ல மாதர் சங்க ஜெபக்கூட்டம். வர்ற பொம்பளைங்க உக்கார கீழே ஏதாவது விரிக்கணும்.

வீட்ல ரெண்டு கோரைப்பாய் இருந்துச்சு. அதை விரிச்சுட்டு முறுக்குத் தட்டோட ஓரமா உக்காந்திருந்தா, இன்னிக்கு உங்ககிட்ட சொல்ல எனக்கு ஒண்ணுமே இருந்திருக்காது. ஆனா நமக்குத்தான் கை சும்மா இருக்காதே!

எங்க வீட்டுக்காரர் டைலர். வடமாலபேட்டையில பஸ் நிக்கிற இடத்துக்குப் பக்கத்துல கடை. கடைன்னா ஒரு மெஷின், ஒரு ஸ்டூல், ஒரு கத்தரிக்கோல், அப்புறம் "நாளைக்கு வாங்க"ங்கிற பதில். அதை வெச்சே ரொம்ப வருஷம் வண்டி ஓடிச்சு. அப்புறம் திருப்பதியிலயும் புத்தூர்லயும் வரிசையா ரெடிமேட் கடைங்க திறந்துட்டாங்க. கண்ணாடிக் கதவு, உள்ளே ஏசி, வாசல்ல சட்டை போட்டுக்கினு நிக்கிற பொம்மை. தலையே இல்லாத அந்தப் பொம்மையை எங்க ஊர் ஜனம் நம்பிச்சு. தலை இருக்கிற எங்க வீட்டுக்காரரை நம்பல. தோள்பட்டை முழங்கைக்கு இறங்கினாலும் ரெடிமேட்னா ஒரு பெருமை!

அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு சபையில பாட்டுப் பாடுற பொம்பளைப் பிள்ளைங்க எல்லாருக்கும் ஒரே மாதிரி கவுன் தைக்கணும்னு சங்கத்துல முடிவாச்சு. ஆர்டர் யாருக்குன்னு சொல்ல வேண்டியவங்க சங்கத் தலைவி கமலாக்கா.

வீட்டுக்காரர் என்கிட்ட தெளிவா சொல்லிட்டார்.

"இந்த ஆர்டரு வந்தா கடை நிக்கும். வரலைன்னா மெஷினை வித்துட்டு குவைத்துக்குப் போயிடறேன். ஏஜென்ட்டு பாஸ்போர்ட்டு கேட்டுக்கினே கீறான்."

குவைத்துக்குப் போனவங்க வீட்டை எங்க தெருவிலயே பாத்திருக்கேன். சிமெண்ட் மாடி வரும், டேப்ரிகார்டர் வரும், பெரிய பெரிய பூப்போட்ட கம்பளி வரும். ஆளு மட்டும் வரமாட்டான். எனக்கு அது வேணாம். இந்த மனுஷன் எரிச்சல் பண்றதுன்னா பக்கத்துல இருந்தே பண்ணட்டும்.

அதனால ஜெபக்கூட்டத்தை இந்தத் தடவை எங்க வீட்ல வைங்கன்னு நானே கேட்டு வாங்கினேன். கமலாக்கா வருவாங்க, முறுக்கு துன்னுவாங்க, மனசு இளகும், ஆர்டர் நமக்கு. அருமையான திட்டம். என்னை மட்டும் அதுலேருந்து கழட்டி விட்டிருந்தா ஜெயிச்சிருக்கும்.

எங்க தெருவுக்கு அப்போதான் கேபிள் வந்த புதுசு. ஏதோ இங்கிலீஷ் சேனல்ல ஒரு வெள்ளைக்காரம்மா துண்டுத் துணியை எல்லாம் சதுரம் சதுரமா வெட்டி, சேத்துத் தைச்சு, பெரிய போர்வையா விரிச்சுக் காட்டினா. பேட்ச்வொர்க் குவில்ட்டாம். அவ பேசினதுல ஒரு வார்த்தை எனக்குப் புரியல. ஆனா எல்லாம் புரிஞ்ச மாதிரி தலையாட்டிக்கினே பாத்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பாத்தார்.

"இதுக்கா இவ்ளோ பேச்சு பேசறா? இது பொந்த. கிழிஞ்ச வேட்டி, பழைய புடவை எல்லாத்தையும் சேத்துத் தைச்சு எங்க நைனா மாட்டுக் கொட்டாயில போத்திக்கினு படுப்பாரு."

"உங்க நைனா போத்தினது பொந்த. இது டிசைன்"னு சொல்லி வாயை அடைச்சேன்.

துணிக்கு எங்கயும் போக வேணாம். பரண் மேல வீட்டுக்காரர் ஒரு கோணிப்பை வெச்சிருந்தார். உள்ளே பூரா துண்டுத் துணி. அது எப்படி வந்துச்சுன்னு டைலர் பொண்டாட்டிக்குத் தெரியாதா? நல்லாவே தெரியும். யாரு துணி கொண்டாந்தாலும் மனுஷன் அளந்து பாத்துட்டு, இழவு வீட்டுக்குப் போற மாதிரி முகத்தை வெச்சிக்கினு, "துணி பத்தாது போல கீதேக்கா, கையை கொஞ்சம் கொறைச்சுக்கலாமா?"ன்னு கேப்பார். மிச்சம் கோணிக்குள்ள போயிடும். அதுல கைக்குழந்தை சட்டை தைச்சு, யாருக்கும் நம்மளைத் தெரியாத வெளியூர் சந்தையில கொண்டு போய் விப்பார். போட்டுக்கிற குழந்தையும் பேசாது, வாங்கற அம்மாவுக்கும் தெரியாது. திருட்டுன்னாலும் அதுல ஒரு அறிவு இருந்துச்சு!

எனக்கு அது இல்ல.

உள்ளங்கை அளவு சதுரமா வெட்டிட்டா எவளுக்குத் தெரியப்போகுதுன்னு நினைச்சேன். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையை அளவா வெட்டி, அதை வெச்சே எல்லாத் துணியையும் நறுக்கினேன். தரையில பரப்பி டிசைன் போட்டேன். ஓரத்துல கருப்பு, நீலம். உள்ளே போகப் போக ரோஸ், மஞ்சள். நட்ட நடுவுல பெத்லகேம் நட்சத்திரம்! கிறிஸ்மஸ் வருதில்ல? அந்த நட்சத்திரத்துக்குன்னு கோணியிலயே ஒசத்தியான துணியைத் தேடி எடுத்தேன். மயில் கழுத்துக் கலர், ஊடால தங்கப் பொட்டு.

தைக்கிறது சுலபம்னு அந்த வெள்ளைக்காரம்மா சிரிச்ச சிரிப்புல நம்பிட்டேன். ஜார்ஜெட் வழுக்கிக்கினே போச்சு. டெரிகாட்டன் விறைச்சுக்கினு நின்னுச்சு. ரெண்டையும் சேக்கிறதுக்குள்ள எங்க அம்மா குடுத்த பழைய மிதி மெஷின் மூச்சு வாங்கிச்சு. அடியில பழைய பெட்ஷீட், நடுவுல பழைய கம்பளி, மேல என் சாதனை. மூணையும் சேத்து கையால ஓட்டுத் தையல் போட்டதுல விரல் பூரா ஊசி குத்தின ஓட்டை.

இதை வீட்டுக்காரர் கண்ணுல காட்டவே இல்ல. அவர் கடைக்குப் போனதும் தைப்பேன், வந்ததும் கட்டிலுக்கு அடியில தள்ளிடுவேன். ஆர்டர் கையில வந்தப்புறம், "பாத்தீங்களா, என்னாலதான்"னு ஒரு வார்த்தை சொல்லிக் காட்டணும். அந்த ஆசை.

கூட்டத்தன்னிக்கு அவர் நூல் வாங்க திருப்பதிக்குப் போயிருந்தார். நான் பாயைச் சுருட்டி மூலையில நிறுத்திட்டு என் போர்வையை விரிச்சேன். அறையே பளபளன்னு ஆயிடுச்சு. எனக்கே என் மேல மரியாதை வந்துச்சு!

பொம்பளைங்க வந்தாங்க. உக்காரவே தயங்கினாங்க.

"அய்யோ, இது மேலயா உக்கார்றது? யாரு தைச்சது?"ன்னு கமலாக்கா கேட்டாங்க.

"சும்மா நான்தான்க்கா. பொழுது போவல"ன்னேன். என் அடக்கத்தைப் பாருங்க.

பாட்டு முடிஞ்சு கமலாக்கா ஜெபம் ஆரம்பிச்சாங்க. அவங்க ஜெபம் பத்தி எங்க சபையில எல்லாருக்கும் தெரியும். எங்க தெருவுல கிளம்பி, ரேணிகுண்டா ஜங்ஷன்ல ரயில் மாறி, உலகத்துல இருக்கிற எல்லா தேசத்துக்கும் போய், ராஜாங்க மந்திரிங்களை எல்லாம் விசாரிச்சு, குவைத்துல இருக்கிற அவங்க வீட்டுக்காரரையும் ஒரு எட்டு பாத்துட்டுத்தான் ஆமெனுக்கு வருவாங்க. அடுப்புல அரிசி போட்டுட்டு வந்தவ கதி அவ்ளோதான்.

ஜெபத்துக்கு எல்லாரும் தலையைக் குனிஞ்சாங்க.

என் மூளையோட சைஸ் எனக்கு அப்போதான் தெரிஞ்சுது. சம்மணம் போட்டு உக்காந்து தலையைக் குனிஞ்சா, மூக்குக்கு நேரா இருக்கிறது என்ன? என் போர்வை! கண்ணை மூடிக்கணும்தான். ஆனா கமலாக்கா ஜெபம் முடியற வரைக்கும் எவ கண்ணை மூடிக்கினு இருப்பா?

முதல்ல கண்டுபிடிச்சவ எதிர்வீட்டு சுகுணா. கோவம் வந்தா அவளுக்கு வாய் தெலுங்குக்கு மாறிடும். முட்டிக்குப் பக்கத்துல இருந்த ரோஸ் சதுரத்தை விரலால தடவினா. நகத்தால சுரண்டினா. அப்புறம் மெதுவா, "இதி நாதி"ன்னா. இது என்னுதுங்கிறா!

அவளுக்குப் பக்கத்துல மேரி. அவளும் குனிஞ்சு பாத்து மூச்சை இழுத்தா.

"இது என் தங்கச்சி சிங்கப்பூர்லருந்து அனுப்பிச்சதுடி. முதுகுக்குப் பத்தலைன்னு சொல்லி வேற துணி வெச்சுத் தைச்சானே, இவ புருசன்..."

ரெண்டு பேரும் என்னைப் பாத்தாங்க. நான் டக்குன்னு கண்ணை மூடிக்கினேன். அவ்ளோ பக்தி!

முன்ன எல்லாம் இந்தத் தொல்லையே இல்ல. ஊர்ல எல்லாரும் ஒரே கடையில ஒரே பாப்ளின் எடுப்பாங்க. எந்தத் துண்டு யாருதுன்னு டைலருக்கே தெரியாது. இப்போ ஒருத்திக்கு குவைத்துலருந்து வருது, ஒருத்திக்கு சிங்கப்பூர்லருந்து வருது, ஒருத்தி மகன் பெங்களூர்ல வேலைன்னு அங்கேருந்து அனுப்பறான். இந்த மண்டலத்துலயே அந்தத் துணி அந்த ஒருத்திகிட்டதான் இருக்கும். நாடு முன்னேறினதுல முதல்ல மாட்டினது எங்க வீட்டுக்காரர்தான்.

கமலாக்காவுக்கு ஒண்ணும் தெரியல. கண்ணை இறுக்கி மூடிக்கினு உருகிக்கினு இருந்தாங்க.

"ஆண்டவரே, இந்தக் குடும்பத்தைப் பாரும்."

"ஆமென்"னு எல்லாரும் என்னைப் பாத்தாங்க.

"இவங்க கைவேலையைப் பாரும்."

"ஆமென்!" சுகுணா குரல் தனியா கேட்டுச்சு. விரல் ரோஸ் துண்டு மேலயே இருந்துச்சு.

"இவங்க கைகளைச் சுத்தப்படுத்தும்."

"ஆமென்! ஆமென்!" ஹைவேயில போற லாரிக்காரனுக்குக் கேட்டிருக்கும். இவ்ளோ உற்சாகமா அதுவரைக்கும் யாரும் கமலாக்கா ஜெபத்துக்கு ஆமென் சொன்னதில்ல. அந்தச் சந்தோஷத்துல அவங்க இன்னும் நீட்டினாங்க. ரெண்டு கையையும் மேல தூக்கினாங்க.

அப்போதான் அவங்க ஜாக்கெட் கையைப் பாத்தேன். மயில் கழுத்துக் கலர். ஊடால தங்கப் பொட்டு.

முழங்கை வரைக்கும் கை வேணும்னு அவங்க கேட்டதும், வீட்டுக்காரர் இழவு முகத்தை வெச்சிக்கினு பாதியா வெட்டினதும் ஞாபகம் வந்துச்சு. மிச்சப் பாதி அவங்க முட்டிக்கு முன்னால நட்சத்திரமா ஜொலிச்சுக்கினு இருந்துச்சு.

ஆர்டர் போச்சு. மெஷின் போச்சு. மனுஷன் ஏரோப்ளேன் ஏறிட்டார்!

தவழ்ந்து போய் முறுக்குத் தட்டை நட்சத்திரத்து மேல வெச்சேன். நட்சத்திரம் பெருசு, தட்டு சின்னது. முனைங்க வெளியே நீட்டிக்கினு இருந்துச்சு. ஒரு முனை மேல பாட்டுப் புத்தகத்தை வெச்சேன். மேரி என்னை முறைச்சுக்கினே அதை எடுத்து மடியில வெச்சுக்கிட்டா. இன்னொரு முனையில தண்ணிச் சொம்பை வெச்சேன். அதையும் எடுத்து நிதானமா ஒரு வாய் குடிச்சா. நான் மூட, அவ திறக்க, கமலாக்கா அதுக்குள்ள ஆப்பிரிக்கா வரைக்கும் போயிட்டாங்க.

அந்த நேரம் பாத்து வீட்டுக்காரர் நூல் பையோட வாசல்ல வந்து நின்னார். போர்வையைப் பாத்தார். பொம்பளைங்களைப் பாத்தார். நாலு கால்ல நிக்கிற என்னைப் பாத்தார். கழட்டின செருப்பைத் திரும்பவும் மாட்டினார்.

"ஆமென்"னு சொல்லி கமலாக்கா கண்ணைத் திறந்தாங்க.

"டைலரு, எங்க ஓடற? முறுக்கு துன்னுட்டுப் போ"ன்னு கையை நீட்டி தட்டைத் தூக்கினாங்க.

ஜாக்கெட் கையும் நட்சத்திரமும் பக்கத்துல பக்கத்துல இருந்துச்சு. கமலாக்கா கையைப் பாத்தாங்க. கீழே பாத்தாங்க. திரும்பவும் கையைப் பாத்தாங்க.

"இது இன்னா டைலரு?"

"அது வேஸ்ட் துணிக்கா... வெட்டும்போது விழறது..."

"வேஸ்ட்டா? எங்க வீட்டு மனுசன் குவைத்து வெயில்ல வெந்துக்கினு, ஒருவேளை துன்னாம சேத்து வெச்சு வாங்கி அனுப்பிச்சது. உனுக்கு வேஸ்ட்டா?"

சொல்லும்போதே அவங்க குரல் உடைஞ்சு போச்சு. எனக்கு நிஜமாவே வெக்கமா இருந்துச்சு. தரையைப் பாத்தேன். அங்கயும் அந்தப் போர்வைதான் இருந்துச்சு.

அப்புறம் சுகுணா கத்தினதுல வெக்கம் போய் பயம் வந்துடுச்சு. "இதி நாதி! இதி கூடா நாதி!"ன்னு, இதுவும் என்னுதுன்னு போர்வை பூரா தவழ்ந்து தேடினா. ஒரு மஞ்சள் சதுரத்துக்கு அவளும் மேரியும் அடிச்சுக்கிட்டாங்க.

எங்க வீட்டு வீரர் என்ன பண்ணார் தெரியுமா?

"எனுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. எல்லாம் இவதான் தைச்சுக்கினு இருந்திருக்கா."

எனக்கு வந்துச்சே ஒரு கோவம்!

"தைச்சது நானு. வெட்டி ஒளிச்சு வெச்சது யாரு? பரண் மேல கோணியில இன்னும் எவ்ளோ கீதுன்னு சொல்லட்டா?"

அறையில இருந்த அத்தனை தலையும் மேல பரணைப் பாத்துச்சு. யாரும் கேக்காத கேள்விக்கு முழு பதில் சொல்லிட்டேன்.

கோணி கீழே இறங்கிச்சு. அவங்கவங்க துணியை அவங்கவங்க பொறுக்கி எடுத்துக்கிட்டாங்க. போர்வை இனிமே சங்கத்துச் சொத்துன்னு கமலாக்கா தீர்ப்பு சொல்லி மடிச்சு கையில வெச்சுக்கிட்டாங்க.

எனக்கு அழுகையே வந்துடுச்சு. "அக்கா, போர்வையை எடுத்துக்கோங்க. ஆர்டர் மட்டும் குடுங்கக்கா. இல்லைன்னா இவரு குவைத்துக்குப் போயிடுவாரு."

கமலாக்கா போர்வையை மடியில வெச்சுக்கினு என் பக்கம் திரும்பினாங்க.

"போவக் கூடாது. போனா வீடு எப்பிடி இருக்கும்னு எனுக்குத் தெரியும். ஆனா உன் புருசன் கையில இனிமே ஒரு சாண் துணி குடுக்க மாட்டேன். கவுனு எல்லாம் நீ தை."

"நானாக்கா?" கண்ணைத் துடைச்சுக்கிட்டேன். மனசுக்குள்ள பெருமை பொங்கிச்சு. "என் தையலைப் பாத்து நம்பிக்கை வந்துச்சா?"

"தையலை எவ பாத்தா? திருடின துணிய, பறிகொடுத்தவங்க உக்கார்றதுக்கே விரிச்சவ நீ. கேக்காமலே கோணி கீற இடத்தையும் காட்டிக் குடுத்த. நீயே நெனச்சாலும் எங்களை ஏமாத்த உனுக்கு மூளை பத்தாது."

எல்லாரும் ஒரே மனசா தலையாட்டினாங்க.

அதுக்கப்புறம் வந்த ஆர்டர் எல்லாம் அந்த ஒரு தகுதியிலதான் வருது. ஏஜென்ட்டும் கேட்டுப் பாத்து ஓஞ்சு போயிட்டான். புத்திசாலின்னு பேர் எடுத்த எங்க வீட்டுக்காரர் பக்கத்துல உக்காந்து பட்டன் ஓட்டைக்கு காஜா எடுக்கறார். முட்டாள்னு பேர் எடுத்த நான் ஆர்டர் எடுக்கறேன்.