முன் ஃபோர்க்கில் விளக்கெண்ணெய்

டிப்ளமோ படித்தவனுக்கு வருகிற வியாதி ஒன்று உண்டு. ஸ்பேனர் பிடிக்கிறவர் சொல்வதெல்லாம் தப்பாகவும், தான் காகிதத்தில் போட்ட கணக்கு மட்டும் சரியாகவும் தோன்றும். எனக்கு அது இருபத்தேழு வயதில் முற்றியிருந்தது. சூலூர்ப் பக்கம் ஒரு பொட்டல் மைதானத்தில், ஊரே பார்க்க, ஒரே நாளில் குணமானது.

தொண்ணூறுகளின் நடுவில் கோயமுத்தூரில் ஒரு பம்ப்செட் கம்பெனியில் டிராயிங் பிரிவில் இருந்தேன். கல்யாணமாகி ஒரு வருஷம். அந்த நேரத்தில் எந்தக் குடும்பஸ்தனும் செய்யக்கூடாத காரியமாக, வால்பாறையில் ஒரு எஸ்டேட்காரர் கழித்துவிட்ட பழைய மோட்டார் சைக்கிளை வாங்கி வந்தேன். வெளிநாட்டு வண்டி. காடு மேடு ஏறுவதற்கென்றே செய்தது. தூக்கிய மட்கார்டு, கட்டை கட்டையாய் டயர். பார்க்க ராஜா மாதிரி இருக்கும். (உட்கார்ந்தால் ராஜாவுக்கு மூட்டுவலி என்று தெரிந்துவிடும்.)

சஸ்பென்ஷன் மொத்தமும் போயிருந்தது. பின்னால் இரண்டு ஷாக் அப்சார்பரும் செத்துவிட்டன. முன்னால், சக்கரத்தை இரண்டு பக்கமும் தாங்குகிற ஃபோர்க் குழாய்களில், எண்ணெயை அடைத்து வைக்கிற ரப்பர் வளையமான ஆயில் சீல் கிழிந்து, நிறுத்திய இடமெல்லாம் எண்ணெய் சொட்டியது.

"ஏனுங்க, வாசல்ல கோலம் போடவே முடியறதில்லீங்க. அதுக்கு ஒரு துணியைக் கட்டி உடுங்க" என்பாள் என் மனைவி சுமதி.

உக்கடத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த கரீம் பாயிடம் கொண்டுபோனேன். சாந்தமான மனிதர். வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார்.

"பின்னாடி ரெண்டையும் நாளைக்கே முடிச்சுத் தாரேன் தம்பி. முன்னாடிக்கு சரியான சீல் மெட்ராஸ்ல இருந்து வரோணும். பதினஞ்சு நாள் ஆகுங்க."

பதினைந்து நாள் எனக்கு இல்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சூலூர்ப் பக்கம் மண் மேடுகளில் பைக் பந்தயம். கோப்பை கொடுக்கிற சிறப்பு விருந்தினர் எங்கள் முதலாளி. அது தெரிந்ததும் கேன்டீனில் என் வாய் சும்மா இருக்கவில்லை. விஷயம் முதலாளி காதுக்குப் போய், அவர் நேராக என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"நம்ம கம்பெனி ஆளு ஓட்டறீங்களாமா? ரொம்ப சந்தோசமுங்க. பார்க்கலாமுங்க."

டிசைன் பிரிவில் அப்போது ஒரு இடம் காலியாக இருந்தது. அதற்கு என் பெயரும் அடிபட்டுக்கொண்டிருந்தது. பின்வாங்குவது எப்படி?

பின் ஷாக்குகளை கரீம் பாய் சொன்னபடி முடித்துக் கொடுத்தார். முன்பக்கத்தை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டார்.

"சரிங்க தம்பி. ஒண்ணு மட்டும் ஞாபகம் வச்சுக்குங்க. எண்ணெயை வாய் வரைக்கும் ஊத்திராதீங்க. மேல ஒரு சாண் காத்துக்கு எடம் வேணும்."

(இதைத்தான் ஸ்பேனர் பிடித்தவரின் அறியாமை என்று நினைத்துக்கொண்டேன்.)

சீலுக்கு எங்கள் கம்பெனி ஸ்டோரிலேயே வழி கிடைத்தது. பம்புக்குப் போடுகிற ஒரு சீல் கிட்டத்தட்ட அதே அளவு. வெளிச்சுற்றில் அரை மில்லிமீட்டர்தான் குறைச்சல். அதை வாங்கிவந்து, பேஸ்ட் தடவி உட்கார வைத்தேன். ஃபோர்க்குக்கான எண்ணெய் எந்தக் கடையிலும் இல்லை. யோசித்தேன். அதிர்ச்சியைத் தாங்க எண்ணெய் கெட்டியாக இருக்க வேண்டும். கெட்டியான எண்ணெய் எது? காரமடையிலிருந்து மாமியார் கொடுத்தனுப்பிய விளக்கெண்ணெய் கேன் நிறைய சமையலறையில் இருந்தது.

"பருப்புக்கு ஊத்தறதுங்க அது!" என்று சுமதி பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இது இப்ப டெக்னாலஜி" என்றேன்.

இரண்டு குழாயிலும் வாய் வரைக்கும் ஊற்றினேன். நிறைய ஊற்றினால் நிறைய பலம். ஹேண்டில்பாரைப் பிடித்து முழு எடையோடு அழுத்தினேன். அசையவில்லை. என்ன உறுதி என்று எனக்கே பெருமையாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானத்துக்கு கரீம் பாயும் வந்திருந்தார். அவரும் அழுத்திப் பார்த்தார்.

"தம்பி, இது சஸ்பென்ஷன் இல்லீங்க. கடப்பாரை. ஓட்டாதீங்க."

ஒலிபெருக்கியில் என் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முதல் சுற்றில் வயிற்றில் இருந்த இட்லி எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று தனித்தனியாகத் தெரிந்தது. இருந்தும் விழவில்லை. இரண்டாவது சுற்றில் ஷாமியானாவுக்கு எதிரே பெரிய மேடு. முதல் வரிசையில், சலவை மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டி சட்டையில் முதலாளி. கையில் மைக். இரண்டு வரிசை தள்ளி, கண்ணை மூடிக்கொண்டு சுமதி. பார்க்கட்டும் என்று ஆக்சிலேட்டரைத் திருகினேன்.

வண்டி பறந்தது. நானும் பறந்தேன். இறங்கும்போது டப், டப் என்று இரண்டு சத்தம். நசுங்குவதற்குக் காற்று இல்லாத குழாயில், எண்ணெய் வேறு எங்கே போகும்? இரண்டு சீலையும் பிடுங்கிக்கொண்டு பீச்சியடித்தது. முதல் வீச்சு என் ஹெல்மெட் கண்ணாடியில். அடுத்தது முன் பிரேக் டிரம்முக்குள். நான் பிரேக்கைப் பிடித்தேன். பிரேக் என்னைக் கண்டுகொள்ளவில்லை.

ஷாமியானாவின் கயிறும் மடக்கு நாற்காலிக் குவியலும் சேர்ந்து வண்டியை நிறுத்தின. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. மிச்ச எண்ணெய் மட்டும் நிற்காமல் முன்னேறிப் போனது. கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். முதலாளி நெற்றியிலிருந்து வேட்டிக்கரை வரை பளபளவென்று நின்றார். எண்ணெய் போனதால் வெறும் ஸ்பிரிங்கில் ஆடிக்கொண்டிருந்த வண்டி, அவருக்கு முன்னால் 'ஆமாங்க, ஆமாங்க' என்று தலையாட்டிக்கொண்டே இருந்தது.

அவர் கன்னத்தை விரலால் வழித்து முகர்ந்து பார்த்தார். மைக் கையில் இருப்பதை மறந்துவிட்டார்.

"ஏனுங்க தம்பி, இது வெளக்கெண்ணெய்ங்களா?"

மைதானம் முழுக்கக் கேட்டது. அப்புறம் எழுந்த சிரிப்பு சூலூர் பஸ் ஸ்டாண்டு வரை கேட்டிருக்கும்.

முதலாளி குனிந்து, செருப்பருகே தெறித்துக் கிடந்த சீல் வளையத்தை எடுத்துத் திருப்பினார். அதிலிருந்த முத்திரையைப் பார்த்ததும் முகம் மாறியது. மைக்கைக் கையால் பொத்திக்கொண்டார்.

"இது நம்ம சீலுங்களா?"

"ஆமாங்க."

"சத்தமாச் சொல்லிப்போடாதீங்க."

அதற்குள் சுமதி ஓடி வந்தாள். "அய்யோ, அடி கிடி பட்டுதுங்களா?" என்று கேட்டாள். நான் இல்லை என்று தலையாட்டினேன். அவள் கேட்டது முதலாளியை. "வாயில போயிருந்தா மட்டும் சொல்லிப்போடுங்க. இல்லாட்டி பயமில்லீங்க. சீயக்காய் போட்டுத் தேச்சாப் போயிருமுங்க."

"போவுலீங்க அம்மணி" என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டே. "ஒடம்புக்குக் குளிர்ச்சிதானுங்க."

திங்கட்கிழமை கூப்பிட்டு அனுப்பினார். சொந்த ஊருக்குப் போய் என்ன தொழில் செய்வது என்று யோசித்துக்கொண்டே உள்ளே போனேன். மேஜை மேல் அந்த சீல்.

"சுத்தற தண்டுக்குச் செஞ்சதைக் கொண்டுபோய் ஏறி எறங்கற தண்டுக்குப் போட்டா அது என்னங்க பண்ணும், பாவம்?" என்றார். "டிசைன் வேண்டாமுங்க. லீக் டெஸ்ட்டுக்குப் போங்க. ஒழுகறதைப் பத்தி இங்க உங்க அளவுக்கு அனுபவம் ஆருக்குமில்லீங்க."

போனேன். ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன், கடைசிப் பத்து வருஷம் அதற்குத் தலைவனாக. மெட்ராஸ் சீல் வந்ததும் கரீம் பாய் அந்த ஃபோர்க்கை ஒரு மத்தியானத்தில் சரி செய்தார். ஒரு வார்த்தை சொல்லிக் காட்டவில்லை. எண்ணெயை அளந்து ஊற்றும்போது மட்டும் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, குழாய்க்குள் ஒரு கம்பியை விட்டு, மேலே ஒரு சாண் காலி இருப்பதைக் காட்டினார்.

போன மாசம் மாப்பிள்ளை புது பைக் வாங்கிக்கொண்டு வந்தார். ஆசையாகப் பக்கத்தில் போய்க் குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தேன். நிமிர்ந்தால், மொத்தக் குடும்பமும் பத்தடி தள்ளி நிற்கிறது. கதை தெரியாத மாப்பிள்ளை மட்டும் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். சுமதி போய் அவரைக் கூப்பிட்டாள்.

"வெள்ளைச் சட்டை போட்டிருக்கீங்க மாப்பிள்ளை. இப்படி வந்து நில்லுங்க."