அபஷிரிக்கே போன அபஷிரி நண்டு குறித்த விளக்கம்

மாட்சுமோட்டோ,
ஜூலை, திங்கட்கிழமை பிற்பகல்

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் நிஷிவாக்கி இசாவோ அவர்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் குராமோச்சி செய்ஜிரோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

மழைக்காலம் முடிந்துவிட்டதாக வானிலை நிலையம் சென்ற வாரமே அறிவித்தது. மழை அதை இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் மலைகள் காலையிலிருந்து மேகத்துக்குள் கிடக்கின்றன. அங்கே வடகோடி அபஷிரியில் கடல் மூடுபனி விலகி, தாங்கள் வாசல் வரை நடந்து பழகுவதாகவும், கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு முன்னேறியிருப்பதாகவும் அறிந்து மனநிறைவு அடைந்தேன். வருகிற வியாழனன்று நடக்கவிருக்கும் இரண்டாவது அறுவை சிகிச்சையும் முதலாவதைப் போலவே நல்லபடியாக நிறைவேற வேண்டுகிறேன். இங்கே நான் நலம். சுமியேவும் நலம். இவ்விரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்க்காததற்கான காரணம் கீழே வருகிறது.

இக்கடிதத்தின் நோக்கம் இரண்டு. ஏப்ரல் மாதமே வருவதாகச் சொன்ன தங்கள் தங்கை ஜூலை வரை ஏன் வரவில்லை என்பதையும், தங்களுக்கு அனுப்பப்பட்ட நண்டு எந்தச் சூழ்நிலையில் அனுப்பப்பட்டது என்பதையும் தங்களுக்குத் தெளிவுபடுத்துவது. பணிக்காலம் முழுவதும் நிலப்பதிவும் உயிலும் எழுதிப் பிழைத்தவன் நான். நடந்ததை நடந்த வரிசையில் தாளில் வைத்துவிட்டால் பிற்பாடு யாரும் யாரையும் தவறாக நினைக்க வழியில்லை என்பது என் அனுபவம்.

கடன் அட்டையில் செலவு செய்தால் புள்ளிகள் சேரும் என்பது தாங்கள் அறிந்ததே. மின்கட்டணம், பல் வைத்தியர், காய்கறி என்று எல்லாவற்றையும் நான் பல ஆண்டுகளாக ஒரே அட்டையில்தான் செலுத்திவருகிறேன். பெற்றோரின் நினைவுநாள் காணிக்கை மட்டும் விதிவிலக்கு. கோயிலில் அட்டை வாங்குவதில்லை. கேட்டுப் பார்த்தேன். இப்படிச் சேர்ந்த புள்ளியை எதற்கு மாற்றுகிறோம் என்பதில்தான் சாமர்த்தியம் இருக்கிறது. அட்டை நிறுவனத்தின் பரிசுப் புத்தகத்தில் உள்ள வீட்டுச் சாமான்களுக்கு மாற்றினால் புள்ளியின் மதிப்பில் பாதி காற்றில் போய்விடும். விமான மைல்களாக மாற்றி, கூட்டமில்லாத பருவத்தில், கட்டணம் மிக அதிகமான தொலைதூர ஊருக்கு இருக்கை வாங்கினால் அதே புள்ளி இரண்டு மடங்கு, மூன்று மடங்கு பெறும். அந்த வகையில், அபஷிரியைப் போல இவ்வளவு தூரத்தில் ஒரு மைத்துனர் வாய்த்திருப்பது புள்ளி சேர்ப்பவனுக்குப் பெரும் பாக்கியம் என்றே நான் கருதிவந்தேன். எனவே அத்தனையும் தங்களைக் காண நாங்கள் இருவரும் வரும் பயணத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. எங்கள் ரைஸ் குக்கரின் மூடி உடைந்து அதை ரப்பர் பட்டை போட்டு மூடத் தொடங்கிய நாளில், "அந்தப் பாயிண்ட்ல ஒரு குக்கர் எடுத்தா என்னவாம்?" என்று சுமியே கேட்டாள். அது நட்டம் என்று விளக்கினேன். "நட்டம் பாயிண்டுக்குத்தானே? சோறு வடிக்கிறது நான்தானே?" என்றாள். அத்துடன் அந்தப் பேச்சு நின்றது. குக்கர் இன்னும் ரப்பர் பட்டையில்தான் ஓடுகிறது.

ஏப்ரலில் தங்களுக்கு வயிற்றில் அறுவை சிகிச்சை என்று செய்தி வந்தது. சுமியே அன்றே பெட்டியை எடுத்து வைத்தாள். நான் இருக்கை நிலவரத்தைப் பார்த்தேன். விடுமுறை வாரம் நெருங்கிக்கொண்டிருந்ததால், சாதாரண நாளில் கேட்பதைப்போல ஏறக்குறைய மூன்று பங்கு புள்ளி கேட்டார்கள். இந்த விலைக்கு மாற்றுவது அறிவுடைமை ஆகாது, ஜூனில் போவோம் என்று சொன்னேன்.

"எங்கண்ணன் என்ன, சீசன் பார்த்தா படுத்தான்?" என்று அவள் கேட்டாள்.

"சின்ன அறுவைதான், ஓடி வராதே" என்று தாங்களே அவளிடம் தொலைபேசியில் சொல்லியிருந்தீர்கள். அதைச் சான்றாக முன்வைத்தேன். அவள் பெட்டியை மீண்டும் அலமாரியில் ஏற்றினாள். ஏற்றிய சத்தம் சமையலறை வரை கேட்டது.

நேரில் வர இயலாத நிலையில் நோய் விசாரிப்பாக ஒரு பரிசாவது உடனே அனுப்புவது கடமை என்று, விமானத்துக்கு வேண்டிய புள்ளிகளை நீக்கிவிட்டு, மீதியைக் கொண்டு பரிசுப் புத்தகத்தை ஆராய்ந்தேன். அதிலிருந்த ஒவ்வொன்றையும் எங்கள் ஊர்க் கடைவிலையோடு ஒப்பிட்டுப் பார்த்ததில், கொடுக்கும் புள்ளிக்கு நியாயமான மதிப்புடையதாக முதலிடத்தில் நின்றது, ஓடெல்லாம் மயிர் அடர்ந்த ரோம நண்டு. அனுப்பினேன். அந்நண்டு ஓகோட்ஸ்க் கடலில் பிடிக்கப்பட்டது என்பதும், தங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் மீனவர் சங்கக் கொட்டகையில் பெட்டியில் அடைக்கப்பட்டது என்பதும், விமானத்தில் டோக்கியோ கிடங்குக்குப் போய் மறுபடி விமானத்தில் தங்களிடமே வந்தது என்பதும் தங்கள் துணைவியார் மிட்சுயோ அவர்கள் தொலைபேசியில் சொல்லித்தான் தெரியும். "பெட்டியில ஒட்டின சீட்டு என் சித்தி மக கையெழுத்துங்க. நண்டு நம்மளைவிட நாலு ஊர் பார்த்துட்டு வந்திருக்கு," என்றார்கள். அறுவை செய்த வயிற்றுக்கு அப்போது கஞ்சித் தெளிவு மட்டுமே அனுமதி என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள். இவை பரிசுப் புத்தகத்தில் குறிப்பிடப்படவில்லை. ஆயினும் ஊரின் பெயரை நான் கவனித்திருக்கலாம் என்ற வாதத்தை மறுக்கமாட்டேன்.

பிறகு, குணமானவர் தமக்கு வந்த விசாரிப்புப் பரிசின் மதிப்பில் பாதியளவு திருப்பி அனுப்பும் முறைப்படி, மே கடைசியில் தங்களிடமிருந்து சோப்பும் சலவைத்தூளும் கொண்ட பெட்டி வந்தது. நோய் கழுவிக்கொண்டு போகட்டும், வீட்டில் தங்க வேண்டாம் என்று கரைந்து தீரும் பொருளாகத் தேர்ந்தெடுத்த பண்பை மெச்சுகிறேன். துறைமுகத்து நண்டு விலையில் பாதி என்று மிட்சுயோ அவர்கள் கணக்கிட்டிருப்பது தெரிந்தது. அது முற்றிலும் சரியே. எங்கள் ஊர் விலையில் பாதி என்று இன்னொரு வாதமும் உண்டு, அதை நான் வலியுறுத்தவில்லை.

இடர் இங்கேதான் தொடங்கியது. அன்று இரவு உணவின்போது சலவைத்தூளின் கடைவிலையை மனத்துக்குள் கூட்டிப் பார்த்ததில் எனக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பரிசுக்காகக் கொடுத்த புள்ளிக்கு நண்டின் மதிப்பும் கிடைக்கிறது. முறை தவறாத உறவினராக இருந்தால் அதில் பாதி திரும்பியும் வருகிறது. ஆக, புள்ளி மாற்றும் வழிகளில் விமான இருக்கையையும் விஞ்சக்கூடியது நோயுற்ற உறவினருக்குப் பரிசு அனுப்புவதே. எந்த ஆலோசகரும் சொல்லாத கண்டுபிடிப்பு என்பதால் அதைச் சுமியேவிடம் பகிர்ந்துகொண்டேன். அவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தாள்.

"எங்கண்ணன் வயித்தை அறுத்துக்கிட்டுக் கிடக்கான். அதுல உங்களுக்கு எவ்வளவு தேறிச்சு, சொல்லுங்க."

சொல்ல வேண்டாம் என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்டாள், சொன்னேன். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் "குளியல் தொட்டி நிரம்பிடுச்சு" என்பதும் "குப்பை நாளைக்கு" என்பதுமே பேச்சு. ஜூன் பயணத்தை யாரும் எடுக்கவில்லை.

இந்நிலையில் இரண்டாவது அறுவை பற்றிய தகவலும் வந்தது. "அதுக்கு முன்னாடி ஒரு தடவை அவன் மூஞ்சியைப் பார்க்கணும். அவ்வளவுதான்," என்றாள் சுமியே. அவ்வளவு நாளில் அவள் சொன்ன மிக நீளமான பேச்சு அது. நானும் தாமதிக்கவில்லை; புள்ளிகள் அனைத்தையும் அன்றே மைல்களாக மாற்ற உத்தரவிட்டேன். மாற்றியது மறுபக்கம் போய்ச் சேர மூன்று வாரம் ஆகும் என்பது விதிகளில் உள்ளது. அதை நான் வாசித்திருந்தேன். வாசித்ததும் நினைவில் இருந்ததும் ஒருபுறம். அந்த மூன்று வாரத்தில் வியாழனுக்கு முந்தைய இருக்கைகள் ஒவ்வொன்றாக மறைந்ததைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தது மறுபுறம். அட்டை நிறுவனத்தைத் தொலைபேசியில் அழைத்தேன். இனூகாய் என்ற இளம்பெண் பேசினார்.

"மாத்தினதைத் திரும்ப எடுக்க முடியாதுங்க ஐயா," என்றார்.

பதினேழாம் விதியின் கீழ், தவிர்க்க இயலாத காரணம் இருப்பின் விரைவுபடுத்தலாம் என்று எடுத்துரைத்தேன்.

"அப்படி ஒரு விதி இருக்குங்களா?" தாள்கள் புரளும் ஓசை. "அட, இருக்கு. ஆனா பூகம்பம், வெள்ளம், எரிமலைன்னுதான் போட்டிருக்காங்க. மைத்துனர் ஆபரேஷன் இதுல வரலைங்களே."

வகைப்படுத்தப்படாத பிற காரணங்கள் என்ற சொற்றொடரைச் சுட்டிக்காட்டினேன். மேலாளரைக் கேட்டுவருவதாகப் போனார். நெடுநேரம் குழலிசை ஒலித்தது. திரும்பி வந்து, "மன்னிச்சுக்கோங்க. எரிமலைக்கே இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லையாம்," என்றார். பிறகு, "உங்க மைத்துனர் இப்ப எப்படி இருக்காருங்க?" என்று விசாரித்தார். விரிவாகச் சொன்னேன். அவர் அவ்வளவு விரிவாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன்.

முடிவாக, மைல்கள் வந்து சேர்ந்தபின் கிடைத்தது ஒரே ஓர் இருக்கை. நாள், அறுவைக்கு நான்கு நாள் கழித்து. அதைச் சுமியேவின் பெயரில் பதிவு செய்துவிட்டேன். முன்னே வருவதைவிடப் பின்னே வருவதே நோயாளிக்கு உபயோகம் என்ற கருத்துக்கும் இடமுண்டு. தற்சமயம் அவள் பக்கத்து ஊரான சுவாவில் உள்ள பள்ளித்தோழி வீட்டுக்குச் சென்றிருக்கிறாள். சனிக்கிழமை போனவள், நாளை திரும்புகிறாள். வந்ததும் இந்த ஏற்பாட்டைத் தெரிவிப்பேன். தங்களிடம் ஒரு விண்ணப்பம் உண்டு. திரும்பி வருவதற்கான இருக்கை, நியாயமான புள்ளிக்கு, நவம்பருக்கு முன் இல்லை. பிப்ரவரி வரை பொறுத்தால் இன்னும் மலிவு. கடலில் மிதந்து வரும் பனிப்பாளங்களையும் அவள் பார்த்ததாகும். அதுவரை அவளைத் தங்கள் இல்லத்தில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். அவள் தங்குவதற்கு ஈடாக நான் எதுவும் அனுப்பமாட்டேன். அனுப்பினால் தாங்கள் பாதியைத் திருப்ப நேரிடும். அது மறுபடி தவறான பொருளில் எடுத்துக்கொள்ளப்படும்.

வயிறு ஆறட்டும், உணவு செரிக்கட்டும், மருத்துவரின் கை தவறாமல் இருக்கட்டும். மிட்சுயோ அவர்களுக்கும் நண்டை உண்டு உதவிய அண்டை வீட்டாருக்கும் என் மரியாதையைத் தெரிவிக்கவும்.

இங்ஙனம்,
என்றும் தங்கள் உறவுக்குக் கடமைப்பட்ட,
குராமோச்சி செய்ஜிரோ (முத்திரை)

பின்குறிப்பு: மேலே முத்திரை வைத்த ஈரம் காயும் முன் தாங்கள் தொலைபேசியில் அழைத்தீர்கள். பேசியது தங்களுக்குத் தெரியும் என்றாலும் பேசியவாறே பதிவு செய்கிறேன்.

"மாப்பிள்ளே, சுமியே இங்கதான் இருக்கா."

அவள் சுவாவில் இருக்கிறாள் என்றேன்.

"சுவாவில இருந்தா இங்க எனக்குச் சோறு குழைச்சுக்கிட்டு இருக்கிறது யாரு?"

எப்படி வந்தாள் என்று கேட்டேன்.

"ரயில்ல. கவுண்டர்ல காசு குடுத்து, டிக்கெட் வாங்கி. அப்படியும் ஒரு ஏற்பாடு இருக்குது. உங்க காதுக்கு எட்டுச்சோ என்னமோ."

அதற்குப் பிறகு, அவள் பின்கட்டுக்குப் போனதும், வியாழக்கிழமையைப் பற்றித் தாழ்ந்த குரலில் ஒரு வாக்கியம் சொன்னீர்கள். அதை மட்டும் பதிவு செய்யவில்லை. தாளை வேறு யாரும் படிக்கக்கூடும்.

நான் ரயில் நிலையத்துக்குப் போய்வந்துவிட்டேன். நாளைக் காலை கிளம்புகிறேன். இரவு சப்போரோவில் தங்கி, புதன் மதியம் அபஷிரியில் இறங்குவேன். டிக்கெட்டை ரொக்கம் கொடுத்து வாங்கினேன். அட்டையும் சட்டைப்பையில்தான் இருந்தது. வீட்டு வாசலுக்கு வந்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

சுமியேவின் பெயரிலுள்ள விமான இருக்கை இனி யாருக்கும் பயன்படாது. இன்று மாலைக்குள் ரத்து செய்தால் மைல்கள் முழுவதும் திரும்பிவிடும். அதற்கு ஒரு ரகசிய எண் தேவை. அது அவளுடைய கைப்பேசிக்குத்தான் வரும். அவளை அழைத்து அந்த எண்ணைக் கேட்க வேண்டும். இரண்டு முறை தொலைபேசியைக் கையில் எடுத்தேன். இத்தனைக்கும் பிறகு நான் அவளிடம் பேசும் முதல் பேச்சு அதுவாக இருக்கக் கூடாது என்று தீர்மானித்து வைத்துவிட்டேன். நேரம் கடந்துவிட்டது. அத்தனை ஆண்டுப் புள்ளிகளும் போயின. இதில் என் தரப்பில் ஆட்சேபணை ஏதுமில்லை.

தபாலில் போட்டால் எனக்குப் பின்னால்தான் வந்து சேரும் என்பதால் இதை ஃபேக்ஸில் அனுப்புகிறேன். முதல் பக்கங்களைத் தாங்கள் வைத்துக்கொண்டு, இந்தப் பின்குறிப்பை மட்டும் சுமியேவிடம் காட்டவும். புதனன்று நிலையத்துக்கு யாரும் வர வேண்டியதில்லை. அவளாக வருகிறேன் என்றால் தடுக்க வேண்டாம்.