வெர்லின் போட்ட காற்றுக் குழாய்

பழைய ஹீட்டர் உயிரை விட்ட அன்றே, புது ஹீட்டரிலிருந்து வீடு முழுக்கச் சூடான காற்று போகக் குழாய் போடும் வேலையைத் தானே செய்யப்போவதாக வெர்லின் அறிவித்துவிட்டார். அமெரிக்காவின் மினசோட்டாக் குளிரில் இது விளையாட்டில்லை. மாவு பிசைந்த கையோடு மனைவி மார்டெல் எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, ஆளைக் கூப்பிட்டா ஆகாதா?"

"எந்த ரூமுக்கு எவ்வளவு சூடு போகணும்னு வர்றவனுக்கு என்ன தெரியும்? குடும்பஸ்தனுக்குத்தான் தெரியும்."

நன்றாகவே தெரிந்தது. நிலவறையில் அவருடைய சாய்வு நாற்காலியும் டிவியும் இருந்தன. பெரிய குழாய் அங்கே. சமையலறைக்கு ஒன்று, படுக்கையறைக்கு ஒன்று. மாடியில் விருந்தாளி அறைக்கும் ஒன்று உண்டு, பார்வைக்கு. குழாய் வாயில் ஜல்லடை மூடி பளபளவென்று மின்னும். சூடுதான் வராது.

அந்த அறை மார்டெலின் அக்கா லவோனுக்கு. நவம்பர் மாத வான்கோழி விருந்துக்கென்று வருவாள் மகராசி, ஏரிப் பனி உருகினால்தான் கிளம்புவாள். அதுவரை நாற்காலி அவளுடையது, டிவி அவளுடையது. ஃபுட்பால் ஆட்டம் சூடுபிடிக்கும்போதுதான் அவளுக்குத் தன் பித்தப்பையை அறுத்தெடுத்த கதை ஞாபகத்துக்கு வரும். இன்னொரு குளிர்காலம் இப்படிப் போனால் தான் மனுஷனாக இருக்கப்போவதில்லை என்று வெர்லின் நிஜமாகவே பயந்தார்.

பக்கத்து வீட்டு டுவேன் தகரம் பிடிக்க வந்திருந்தார். நிலவறைக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"ஏம்ப்பா, மாடிக்குப் போற குழாய்ல இந்தத் தகடு எதுக்கு?"

"மெதுவா பேசு. தகட்டைத் திருப்பினா சூடு போகும். திருப்பலைன்னா போகாது."

"அப்ப யாரு திருப்புறது?"

"யாரும் திருப்ப வேணாம். நாளைக்கு இதை மூடிக் கூரைப் பலகை அடிச்சு, பெயிண்டும் அடிச்சிடுவேன். லவோன் ஒரு வாரம் வெடவெடன்னு நடுங்குவா. அப்புறம் தானா பெட்டியைக் கட்டுவா."

"மார்டெலுக்குத் தெரிஞ்சா?"

"அவளுக்கு இதெல்லாம் எங்கய்யா புரியப்போவுது?"

மேலே சமையலறையில் மார்டெல் உருளைக்கிழங்கு ரொட்டி தேய்த்துக்கொண்டிருந்தாள். அவள் காலடியில் புத்தம்புது ஜல்லடை மூடி. எல்லாக் குழாயும் ஒரே தாய்க்குழாயில் பிரிவதால், வெர்லின் சொன்னதை அது ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தது. அந்த ஊர்ப் பிள்ளைகள் அப்பா அம்மா சண்டையை இப்படித்தான் கேட்டு வளர்கிறார்கள். வெர்லின் பிள்ளையாக இருந்து ரொம்ப வருஷமாகிவிட்டது, பாவம்.

மார்டெல் ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

விருந்தன்று லவோன் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கினாள். சாப்பாட்டு மேஜையில் மார்டெல் ஆரம்பித்தாள்.

"குழாய் வேலை பூரா இவரே செஞ்சாரு, அக்கா. ஏங்க, மாடி ரூம்ல சூடு எப்படி?"

"அதையேன் கேக்குறே? போர்வையே வேணாம், வேர்த்து ஊத்தும்."

"நெசமாவா தம்பி?" என்றாள் லவோன்.

"சத்தியமா. இந்த வீட்லயே சூடான ரூம் அதுதான்."

"அப்ப நிலவறை?" என்று மார்டெல் கேட்டாள்.

லவோன் அந்தப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கக் கூடாதே என்று வெர்லின் பதறினார். "அங்கே சுமார்தான். நான் ஏதோ சமாளிக்கிறேன்."

மார்டெல் கன்னத்தில் கைவைத்துக்கொண்டாள். "அடடா, வேர்த்தா அக்காவுக்கு மூச்சு முட்டுமே. அவளுக்குச் சுமாரான சூடுதான் ஒத்துக்கும். நிலவறையிலயே கட்டிலைப் போட்டுடலாம். டிவியை நீங்க மாடிக்குக் கொண்டுபோய் அங்கேயே பாருங்க. நாற்காலி கனம், அது கீழயே கிடக்கட்டும். முதுகுவலிக்காரர் நீங்க, சூடு உங்களுக்குத்தானே வேணும்?"

வெர்லின் வாயைத் திறந்தார். சொன்னது பொய் என்பதா, தகடு மூடியிருக்கிறது என்பதா? எதைச் சொன்னாலும் மாட்டிக்கொள்வார். வாயில் இருந்த வான்கோழியை மென்று விழுங்கினார்.

"தங்கமான மனுஷன்," என்றாள் லவோன் மனதார.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வெர்லின் மாடி அறையில் மரமுக்காலியில் உட்கார்ந்து ஃபுட்பால் பார்த்தார். கனத்த கோட்டு, காது மூடிய குல்லாய், கையுறை. கையுறையோடு ரிமோட்டை அமுக்கவும் முடியவில்லை. சூட்டை மறித்த தகடு பேச்சை மறிக்கவில்லை. ஜல்லடை வழியே பித்தப்பைக் கதை கணீரென்று ஏறி வந்தது.

விளம்பரம் வந்தபோது கதையும் கொஞ்சம் நின்றது. வெர்லின் பல் கிடுகிடுக்க முணுமுணுத்தார்: "ரெண்டு பேரும் கடைக்குப் போற நேரமாப் பாத்து, கீழே கூரைப் பலகையைப் பேத்து, அந்தத் தகட்டைத் திருப்பிவிட்டா முடிஞ்சுது. யாருக்குத் தெரியப்போவுது?"

ஜல்லடையிலிருந்து மார்டெலின் குரல் வந்தது. "பேத்துடாதீங்க, பெயிண்ட் இப்பத்தான் காஞ்சிருக்கு. பீரோவுல இன்னொரு போர்வை இருக்கு, எடுத்துப் போத்திக்குங்க."