நீச்சல் படித்த நீர்நாய்க்குட்டி

ஒரு காட்டில் ஓர் ஆறு ஓடியது. மழை பெய்தால் ஓடும். பெய்யாவிட்டால் மணலாகக் கிடக்கும். அதன் கரையில் வேலாத்தாள் என்ற நீர்நாய் தன் கணவன் ராக்கியப்பனோடு வளை தோண்டிக் குடியிருந்தாள். அவர்களுக்கு ஒரே குட்டி. அது பிறந்த அன்றே வேலாத்தாள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டாள்.

"ஏனுங்க, உங்க தம்பி வீட்டுல குட்டியக் கழுத்தக் கவ்வித் தண்ணிக்குள்ள போடறாங்க. மூக்குல தண்ணி ஏறி அது கத்துது. இதெல்லாம் ஒரு வளர்ப்புங்களா?"

"நம்மளையும் அப்படித்தான புள்ள போட்டாங்க" என்றான் ராக்கியப்பன்.

"அதனாலதான் நாம இப்படி இருக்கோம்."

ராக்கியப்பன் மூட்டை கட்டினான். குடும்பம் பட்டணத்துக்குப் புறப்பட்டது.

அங்கே 'ரிவர் வியூ' என்ற அடுக்குமாடிக் கட்டடத்தின் சாக்கடைக் குழாயோரம் அவர்களுக்கு இடம் கிடைத்தது. ஆறு மட்டும் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் தெரியவில்லை. ராக்கியப்பனுக்கு ஓர் ஓட்டலில் மீன்தொட்டிக்குக் காவல் வேலை. மீன்களைப் பார்க்கலாம், தொடக்கூடாது. குட்டிக்கு ஹர்ஷித் என்று பெயர் வைத்து, பேர்போன நீச்சல் பள்ளியில் சேர்க்க வரிசையில் நின்றாள் வேலாத்தாள். முன்னால் நின்ற தவளை தன் தலைப்பிரட்டையைக் காட்டி அழாத குறையாகச் சொன்னது: "முட்டையா இருந்தப்பவே பேர் குடுத்திருக்கணும். இப்ப கால் முளைச்சிருச்சு, வயசாயிடுச்சுன்னு சொல்லுவாங்க."

நீச்சல் மாஸ்டர் ஒரு வெள்ளாடு. நல்ல தாடி, கழுத்தில் விசில்.

"சார், நீங்க நல்லா நீந்துவீங்களா?" என்று தயங்கிக் கேட்டாள் வேலாத்தாள்.

"நான் சொல்லிக் குடுக்கறவன், மேடம். நீந்தறது பசங்க வேலை."

குட்டிகளைக் கரையில் குப்புறப் படுக்கவைத்துக் கைகால் ஆட்டச் சொன்னார். அதில் தேறியவர்களை ரப்பர் வளையம் மாட்டிக் கணுக்கால் ஆழத் தண்ணீரில் உட்காரவைத்தார். ஆண்டுவிழாவில் ஹர்ஷித்துக்குப் பதக்கம் கிடைத்தது. தன் கழுத்தில் அம்மாவின் பல் பதிந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டு வேலாத்தாள் ஆனந்தமாக அழுதாள். அழுது முடித்ததும், பதக்கத்தோடு மகனை எடுத்த படத்தைச் சொந்தக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டாள்.

அரையாண்டு லீவுக்கு ஊருக்குப் போனார்கள். நல்ல மழை பெய்து, ஆறு இரு கரையும் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டணத்துப் பிள்ளை நீந்துவதைப் பார்க்க உறவுக் கூட்டமே கரையில் கூடிவிட்டது. கொழுந்தன் பெண்டாட்டி நாச்சாயி முன்வரிசையில் இடம் பிடித்தாள். அவள் மகள் மயிலாத்தாள் மீன் ஒன்றைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

ஹர்ஷித் பதக்கத்தோடு வந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, இதுல தரை எங்க இருக்கு?"

"இறங்கு கண்ணு, எல்லாரும் பாக்கறாங்க."

இறங்கினான். சொல்லிக்கொடுத்தபடி பிசகாமல் நான்கு காலையும் ஆட்டினான். ஆறு அதைச் சட்டையே செய்யவில்லை. மூக்கு தெரிந்தது, வால் தெரிந்தது, பிறகு ஒன்றும் தெரியவில்லை.

வேலாத்தாள் அலறிக்கொண்டு குதித்தாள். குழாயோரம் உட்கார்ந்தே பழகிய உடம்பு. கொஞ்ச தூரத்திலேயே இரைத்தது. அதற்குள் மயிலாத்தாள் முங்கிப்போய், தம்பியைக் கழுத்தில் கவ்விக் கரையில் போட்டாள். வயிற்றை அமுக்கியதும் தண்ணீரைக் கக்கிவிட்டுக் கண் திறந்தான் ஹர்ஷித்.

வேலாத்தாள் கரையேறி வந்து மகனைக் கட்டிக்கொண்டாள். பட்டணமும் வேண்டாம், பதக்கமும் வேண்டாம், பிள்ளை உயிரோடு இருந்தால் போதும் என்ற வார்த்தை தொண்டை வரை வந்துவிட்டது. ராக்கியப்பனும் அதற்குத்தான் காத்திருந்தான்.

ஹர்ஷித் எழுந்து உட்கார்ந்து, "தேங்க்யூ, சிஸ்டர்" என்றான்.

நாச்சாயி வாயைப் பிளந்தாள். "அக்கா! இத்தன தண்ணி குடிச்சும் எத்தன மரியாதையாப் பேசுது பாருங்க! எம்புள்ளயும் இருக்குதே... உசுரக் காப்பாத்திப்போட்டு மறுபடியும் மீனத் தின்னுட்டு நிக்குது. அந்தப் பள்ளிக்கூடத்து விலாசம் குடுங்கக்கா."

வேலாத்தாள் மகனைப் பார்த்தாள். புருஷனைப் பார்த்தாள். உண்மையைச் சொல்ல ஒரே வார்த்தை போதும். ஆனால் அதைச் சொன்னால், காலம் முழுக்க நாச்சாயி முன்னால் தலைகுனிந்து நடக்க வேண்டியிருக்கும்.

"சீக்கிரம் பேர் குடுத்துரு நாச்சாயி. இடம் கிடைக்கிறது கஷ்டம்" என்றாள்.

மயிலாத்தாளைப் பள்ளியில் சேர்த்தார்கள். "கேக்காம முங்குது, ஒழுக்கம் பத்தாது" என்று வெள்ளாட்டு மாஸ்டர் அவளைக் கரையில் குப்புறப் படுக்கவைத்தார். மெல்ல மெல்ல அவளும் தண்ணீரைக் கண்டால் ஒதுங்கி நிற்கப் பழகிக்கொண்டாள். அவளைப் பார்த்து மற்ற குடும்பங்களும் வளையைக் காலி செய்துகொண்டு கிளம்பின. ஆற்றில் மீன்கள் கொழுத்துத் திரிந்தன.

மயிலாத்தாளுக்குப் பதக்கம் கிடைத்த நாளில்தான், ஊரிலிருந்து வந்த பிறகு முதல்முறையாக வேலாத்தாள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நீதி: நாம் செய்த தப்பைச் சொந்தக்காரர்களையும் செய்யவைத்துவிட்டால், அதற்குப் பெயர் முன்னேற்றம்.