கூடத்துச் சுவர் காய்ந்த பிறகு மாப்பிள்ளைக்கு எழுதியது

நிறங்களையும் அவற்றைக் காணும் கண்ணையும் படைத்து, இரண்டுக்கும் எட்டாமல் நிற்கும் பரம்பொருளின் திருவடிகளை முன்னிறுத்தி எழுதுவது.

அன்பும் பொறுமையும் (இன்று குறிப்பாகப் பொறுமையும்) நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு, மாமனார் எழுதிக்கொண்டது. சுவர் ஒன்று நீங்கலாக, இங்கு யாவரும் நலம். தாங்களும் மகளும் நலமாயிருக்க நாள்தோறும் வேண்டுகிறேன். தொலைபேசியில் சொல்ல நா எழவில்லை. ஆகவே தாளை நாடினேன்.

சென்றமுறை வந்தபோது என் கைப்பேசிக் கேமராவைக் கறுப்பு வெள்ளைக்கு மாற்றிக் கொடுத்து, "கலர் கண்ணை ஏமாத்தும் மாமா, வெளிச்சத்தையும் நிழலையும் மட்டும் பாருங்க" என்று தாங்கள் அருளியதை நான் வேதவாக்காகவே கொண்டேன். மாடிப்படி, குடை, கொடியில் காயும் துணி, கதவிடுக்கில் விழும் வெயில், எதையும் விட்டேனில்லை. தங்கள் அத்தை மட்டும், "எனக்கு இன்னும் உயிர் இருக்கு, கொஞ்சம் நிறத்தோட எடுங்க" என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

வருகிறவர்களை நிறுத்திவைத்துப் படமெடுக்கக் கூடத்துச் சுவர் மென்சாம்பல் நிறத்தில் வேண்டும் என்று தாங்கள் கேட்டதும், வெள்ளிக்கிழமை நீங்கள் இருவரும் இங்கேயே குடிவருவதற்குள் முடித்துவைக்கிறேன் என்று நான் மார்தட்டியதும் நினைவிருக்கும். பெயிண்டர் வந்தார், எதற்கும் "ரெண்டு கோட் அடிச்சா சரியாயிடும்" என்பவராதலால் தெருவில் அவர் பெயரே ரெண்டு கோட், பட்டி பார்த்து, சுவரில் மூன்று திட்டு அடித்துக் காட்டினார், நடுத்திட்டு கனன்றது, "என்னய்யா, சாம்பல் கேட்டா ரோஜாவைக் கொண்டாந்திருக்கே?" என்றேன், "ஈரத்துல அப்படித்தான் ஐயா தெரியும், காஞ்சா வேற மாதிரி" என்றார், சரி, ஏமாறுவது கண்தானே என்று கைப்பேசியில் எடுத்துப் பார்த்தால், அடடா, விடியலுக்கு முந்திய வானம்போல அப்படியொரு சாம்பல்! காய்ந்தபின் வரப்போகும் நிறத்தைக் கருவி முன்னதாகவே காட்டிவிட்டது என்று மெய்சிலிர்த்துப் போனேன். தாங்கள் வேலையாக இருப்பீர்களென்று படத்தை மகளுக்கு அனுப்பினேன். "நடுவுல இருக்கறதுதான்ப்பா, அதையே அடிச்சிடச் சொல்லுங்க" என்று உடனே பதில் வந்தது. அடித்தாயிற்று, காய்ந்தும் ஆயிற்று.

அந்நிறத்தை எப்படிச் சொல்வேன்! செங்காந்தள் என்று தொடங்கினால் செங்காந்தள் கோபித்துக்கொள்ளும். கூடத்தில் அமர்ந்து மறை ஓதினால் என் வெண்தாடி இளஞ்சிவப்பாகிறது. எதிர்வீட்டுக்காரர் சன்னலுக்குத் திரை மாட்டிவிட்டார். "இதை மாத்தமுடியாதாய்யா?" என்று கெஞ்சினேன். "ரெண்டு கோட் அடிச்சாச்சே ஐயா, இனிமே எது அடிச்சாலும் இது எட்டிப் பாக்கும்" என்று ஏணியை மடக்கிக்கொண்டார் அந்தப் புண்ணியவான்.

தாங்கள் என்னை நம்பி ஒப்படைத்த முதற்காரியம் இது. வாசலில் பெட்டியை இறக்கிவைத்து நிமிரும்போது தங்கள் முகம் எப்படி மாறுமோ என்று எண்ணி எண்ணிச் சோறு இறங்கவில்லை. மகள்மீது கோபிக்க வேண்டாம். படத்தில் கண்டதைத்தானே அவள் சொன்னாள், பாவம். பிழை முழுதும் என்னுடையது. பொறுத்தருள்க.

தங்கள் இல்லத்தில் அன்பும் உடல்நலமும் குறைவின்றி நிலைக்க, இறையருள் இருவரையும் என்றும் காக்க.

இப்படிக்கு,
தங்கள் மாமனார்

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் தங்கள் அத்தை வந்து எட்டிப் பார்த்துச் சிரித்தாள். தன் கைப்பேசியில் அதே சுவரை முழு நிறத்தில் எடுத்து அன்றே மகளுக்கு அனுப்பியிருந்தாளாம். மகள் தெரிந்தேதான் தேர்ந்தெடுத்தாளாம். "உங்க மாப்பிள்ளை எடுக்கற படத்துல எல்லாமே சாம்பலாத்தானே வரும்? அந்தச் சுவரைத் தினமும் பாக்கப்போறது என் பொண்ணு!" என்கிறாள். மூச்சுவிடக் கூடாதென்று எனக்குக் கட்டளை. ஆகவே பிழை என்னுடையதன்று. மேலே கேட்ட மன்னிப்பைத் திரும்பப் பெறுகிறேன். கடிதத்தைக் கிழித்திருக்கலாம், நடை நன்றாக அமைந்துவிட்டதால் மனம் வரவில்லை. படித்துவிட்டு, படிக்காதவர்போல வந்து சேருங்கள்.