குங்குமக் கைநாட்டு

கடவுளை நம்பாமல் அண்ணாமலையை அதிகமுறை சுற்றி வந்தவர் என்று ஒருவருக்குப் பட்டம் கொடுப்பதானால், அது எங்கள் மலைசுத்தி வக்கீலம்மாவுக்குத்தான். எழுபதுகளில் எங்கள் ஊர்க் கோர்ட்டில் கருப்பு கோட்டு போட்ட ஒரே பெண். நான் அவருடைய குமாஸ்தா. சுற்றிய புண்ணியம் யாருக்கோ, காலில் குத்திய கல் எனக்கு.

செவ்வாய்க்கிழமை விடிந்தால் அவருடைய ஆபீஸ் கிரிவலப் பாதைக்கு வந்துவிடும். ஏன் இந்தக் கூத்து என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒருத்தி வக்கீல் வூட்டுக்குப் போறேன்னு சொன்னா புருஷன் கால ஒடிச்சிடுவான்யா. மலை சுத்தப் போறேன்னா அவனே பஸ் ஏத்தி வுடுவான்" என்றார்.

பாதையில் முதலில் வரும் இந்திர லிங்கத்தில் கட்சிக்காரியின் பெயரும் ஊரும் ஆரம்பிக்கும். எம லிங்கம் வருவதற்குள் மாமியார் வந்துவிடுவாள். குபேர லிங்கத்தில் ஜீவனாம்சம். அம்மா முன்னால் பறப்பார். நான் வெறுங்காலோடு பின்னால் ஓடிக்கொண்டே எழுத வேண்டும். எழுத்து கோணினால் அதற்கும் திட்டு.

அப்படி ஒரு செவ்வாயில் கீழ்பென்னாத்தூரிலிருந்து குப்பம்மா வந்தாள். ஒன்பதாவது படிக்கும் மகளுக்கு வெள்ளிக்கிழமை கல்யாணமாம். மாப்பிள்ளைக்கு முப்பத்தைந்து வயது.

"எப்படியாவது நிறுத்துங்கம்மா. எம் பேரு வெளிய வந்தாலும் பரவால்ல" என்று அழுதாள்.

வக்காலத்துக் காகிதம் இருந்தது. கைநாட்டு வைக்க மைப்பெட்டி இல்லை.

"மைப்பெட்டி எங்கய்யா?"

"பை ஜாஸ்தி கனம், கம்மி பண்ணுன்னு நீங்கதானேம்மா சொன்னீங்க!"

"மைப்பெட்டிதான் கிடைச்சுதா உனக்கு?"

வருண லிங்கத்தில் வைத்திருந்த குங்குமத்தில் ரெண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுக் குழைத்தார். குப்பம்மாவின் கட்டைவிரலை அதில் அழுத்திக் காகிதத்தில் பதித்தார்.

மறுநாள் கோர்ட்டு ஹெட் கிளார்க் அதைத் தூக்கிப் பிடித்து, "இது வக்காலத்தா, கல்யாணப் பத்திரிகையாம்மா?" என்றார். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நீல மையிலதான் வைக்கணும்னு எந்தச் சட்டத்துல இருக்கு? காட்டுங்க, நான் வூட்டுக்குப் போறேன்."

ஹெட் கிளார்க் காகிதத்தை உள்ளே அனுப்பினார். மாஜிஸ்திரேட் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொண்டார். வியாழக்கிழமை சாயங்காலம் தடை உத்தரவு வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஒரு கான்ஸ்டபிளோடு நாங்கள் பந்தலுக்குள் நுழைந்தோம். உத்தரவைப் படித்ததும் மேளம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் வேன் ஏறினார்கள்.

"இதுக்காடி மலை சுத்தப் போன?" என்று பெண்ணின் அப்பா குப்பம்மா மேல் கையை ஓங்கினார். வக்கீலம்மா குறுக்கே போய் நின்றார்.

"அவ மேல கை பட்டா அடுத்த கேஸு உங்க மேலதான். சமைச்சத வீணாக்காதீங்க. இலை போடுங்க" என்று சொல்லிப் பந்தியில் போய் உட்கார்ந்தார்.

யாரும் வரவில்லை. அத்தனை நீள வரிசையில் ஒற்றை ஆளாக அவர் மட்டும் உட்கார்ந்திருந்ததைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. நானும் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மணையிலிருந்து எழுந்து வந்த பெண், கழுத்து மாலையோடு அவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தாள்.

"எம்மா, காலையிலேர்ந்து பட்டினி. எனக்கும் போடும்மா" என்றாள் குப்பம்மாவிடம். குப்பம்மா அழுதுகொண்டே பரிமாறினாள்.

மாஜிஸ்திரேட்டிடமே குரலைத் தாழ்த்தாத வக்கீலம்மா, தன் இலையில் தொடாமல் வைத்திருந்த ஜாங்கிரியைப் பேசாமல் அந்தப் பிள்ளையின் இலையில் எடுத்து வைத்தார். அவருக்கு ஜாங்கிரி என்றால் உயிர் என்பது எனக்குத் தெரியும்.