அத்தா அச்சடித்த மார்க்‌ஷீட்

சிவகாசிக்காரர்களிடம் எதை வேண்டுமானாலும் குறை சொல்லலாம். வெயிலைச் சொல்லலாம், தண்ணீரைச் சொல்லலாம், பஸ் ஸ்டாண்டைக்கூடச் சொல்லலாம். அச்சு மங்கல் என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. பிரஸ் வைத்திருந்த எங்கள் அத்தா, அதாவது அப்பா, சோற்றுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். அப்படிப்பட்ட மனிதரிடம் போய், "ஜெராக்ஸ் எடுத்துட்டு வந்துர்றேன்" என்று நான் சொன்னதில் ஆரம்பித்தது எல்லாம்.

இரண்டாயிரத்துச் சொச்சம். பிளஸ் டூ முடித்து, ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் பி.ஃபார்ம் படிக்க விண்ணப்பித்து, கவுன்சலிங்குக்கு வரச் சொல்லிக் கடிதமும் வந்திருந்தது. அத்தாவின் பிரஸ்ஸில் தீபாவளி சீசனுக்குப் பட்டாசு லேபிள், மற்ற மாதங்களில் இருமல் மருந்து லேபிள். பிறந்ததிலிருந்து மருந்தின் மேல்சட்டையை மட்டுமே பார்த்து வளர்ந்தவளுக்கு, உள்ளே என்னதான் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வராதா? (அம்மாவின் அபிப்பிராயம் வேறு. "எல்லாம் அடுப்படிக்குப் பயந்துதான்" என்பார்.)

கவர்மென்ட் சீட் கிடைத்தால் படிப்பு, கிடைக்காவிட்டால் நிக்காஹ் என்பது வீட்டுத் தீர்மானம். விஸ்வநத்தத்து மாமி ஒருவர் தன் மகனுக்காக ஏற்கெனவே இரண்டு முறை வந்து, பிரியாணியையும் என்னையும் ஒரே பார்வையில் எடைபோட்டுவிட்டுப் போயிருந்தார். ஆகவே அந்தச் சீட்டை நான் எவ்வளவு ஆசைப்பட்டிருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

மார்க்‌ஷீட்டின் அசலும், அரசு அதிகாரி கையெழுத்திட்ட மூன்று நகல்களும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள்.

"ஜெராக்ஸா?" அத்தாவின் முகம் சுருங்கியது. "பேயறைஞ்ச மாதிரி கருகருன்னு இருக்குமே. பிரஸ்காரன் மக கொண்டுபோற காயிதமா அது? பாக்குறவுக என்ன நெனைப்பாக?"

"எல்லாரும் அதத்தான் அத்தா குடுப்பாக."

"எல்லாரும் சிவகாசியா?"

மார்க்‌ஷீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டேன். (எனக்கும் உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.) ஃபோர்மேன் மாரியப்பன் அண்ணன் படம் பிடித்துப் பிளேட் போட்டார். பூச்சட்டிப் பட்டாசு லேபிள் ஓடிக்கொண்டிருந்த தாளில் ஒரு மூலை காலியாக இருந்தது. அந்த மூலையில் என் மார்க்‌ஷீட் நாலு கலரில் ஏறியது. மெஷின் ஓட ஆரம்பித்தால் மூன்று தாளோடு நிற்குமா? சாயந்திரத்துக்குள் நான் சில நூறு முறை பிளஸ் டூ பாஸாகியிருந்தேன். மேலே பளபளவென்று வார்னிஷ் வேறு. என் கெமிஸ்ட்ரி மார்க் அவ்வளவு அழகாக இருக்கும் என்று அன்றுதான் எனக்கே தெரிந்தது. பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அசல்தான் நோஞ்சானாகத் தெரிந்தது.

"பச்சை இங்க் கையெழுத்தையும் சேத்தே ஓட்டிருவமா மொதலாளி?" என்று கேட்டார் மாரியப்பன் அண்ணன்.

அம்மா குறுக்கே வந்தார். "செயிலுக்குப் போறதுன்னா நீங்க ரெண்டு பேரும் போங்க. எம் பிள்ளைய விட்ருங்க."

அத்தாவுக்குத் தெரிந்த ஒரே கெஜட்டட் ஆபீசர் கால்நடை டாக்டர். நாங்கள் போனபோது அவர் ஓர் ஆட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். நாலு தாளையும் மேசையில் வைத்தோம். ஊசியைக் கண்ட ஆடு திமிறி மேசையை முட்டியது. தாள்கள் பறந்தன. அத்தா பொறுக்கி அடுக்கிக் கொடுத்தார். டாக்டர் மேலே இருந்த மூன்றில் 'உண்மை நகல்' என்று முத்திரை குத்தி, பச்சை மையில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுபடி ஆட்டைத் துரத்தப் போய்விட்டார். முத்திரை இல்லாத நாலாவது தாளை, அசல் அழுக்காகிவிடக் கூடாதே என்று நான் தொட்டுக்கூடப் பார்க்காமல் கவரில் போட்டேன். தொட்டுப் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரையே இல்லை.

கவுன்சலிங் நடந்த ஹாலில் ஒரு பெரிய போர்டு. மிச்சமிருக்கும் சீட்டுகளை எழுதுவார்கள், ஒவ்வொன்றாகப் போகப் போக அழித்து எழுதுவார்கள். என் பெயரைக் கூப்பிட்டபோது போர்டில் நிறையவே சீட் இருந்தது. சான்றிதழ் சரிபார்க்கும் அதிகாரி என் 'அசலை' வாங்கிச் சற்றுச் சாய்த்தார். டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு அவர் மூக்குக் கண்ணாடியிலேயே அடித்தது. நகத்தால் சுரண்டினார்.

"இதாம்மா ஒரிஜினல்?"

"ஆமா சார்."

"எக்ஸாம் போர்டுல எப்பலேருந்து வார்னிஷ் போட ஆரம்பிச்சாங்க?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, தாளின் அடி ஓரத்தில் எறும்பு ஊர்ந்தது போல இருந்த எழுத்துகளைச் சத்தமாக வாசித்தார். எங்கள் பிரஸ்ஸின் பெயர். சிவகாசி. போன் நம்பர். (எங்கள் பிரஸ்ஸைவிட்டு எந்தத் தாளும் இந்த வரி இல்லாமல் வெளியே போனதில்லை. மாரியப்பன் அண்ணனின் கை பழக்கதோஷத்தில் அதை ஒட்டியிருந்தது.)

பிரஸ் பெயர் காதில் விழுந்ததும் பின்வரிசையிலிருந்து அத்தா எழுந்து வந்தார். பயந்துபோய் அல்ல, முகமெல்லாம் சிரிப்பாக.

"நம்ம கம்பெனிதான் சார். நாலு கலர்."

வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே எட்டிப் பார்த்தார். அதிகாரியோ போலி மார்க்‌ஷீட், கேஸ் என்றெல்லாம் அடுக்க ஆரம்பித்தார். நான் அழ ஆரம்பித்தேன். அத்தாவுக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது.

"கள்ளத்தனம் பண்றவன் அடியில பேரும் போன் நம்பரும் போடுவானா சார்? நீங்களே சொல்லுங்க."

அதிகாரி யோசித்தார். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். "சரி, அப்ப ஒரிஜினல் எங்க?"

அத்தா மற்ற மூன்றையும் விசிறி மாதிரி பரப்பிப் பார்த்தார். "அந்தா, சாயம் போன மாதிரி ஒண்ணு இருக்கு பாருங்க. அடியில நம்ம பேரு இல்ல. அதான் கவர்மென்டு."

"இதுல 'உண்மை நகல்'னு முத்திரை இருக்கே."

"அது ஆடு செஞ்ச வேலை சார்."

அந்த நிமிடத்தில் பூமி பிளந்தால் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளலாம் என்று இருந்தது. முழுக் கதையையும் அத்தா நின்றபடி நடித்துக் காட்டினார், ஆட்டின் பாகம் உட்பட. அதிகாரி சிரிக்கவில்லை. உள்ளே போய், தேர்வுத் துறையிலிருந்து வந்திருந்த பட்டியலோடு என் மதிப்பெண்களை ஒப்பிடச் சொன்னார். அவர் போன நேரத்தில் வேறு பெயர்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். போர்டில் எண்கள் இறங்கிக்கொண்டே வந்தன. எனக்கு விஸ்வநத்தத்து மாமியின் முகம் நெருங்கிக்கொண்டே வந்தது. அதிகாரி திரும்பி வந்து "மார்க்கெல்லாம் சரியாத்தான் இருக்கு" என்றபோது போர்டில் இரண்டே சீட். அதில் ஒன்றை வாங்கிக்கொண்டு வெளியே வந்து, அத்தாவும் நானும் ஆளுக்கு இரண்டு டீ குடித்தோம். அந்த மாதிரி டீ அதற்குப் பிறகு நான் குடித்ததில்லை.

மிச்சத் தாள்களை அம்மா அடுப்படி அலமாரியில் விரித்துவிட்டார். டப்பா எடுக்க வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் என் பிசிக்ஸ் மார்க் மனப்பாடம். வேலைக்குப் போன ஒவ்வோர் இண்டர்வியூவிலும் என் அசலில் ஏன் நகல் முத்திரை என்று கேட்பார்கள், நான் ஆட்டைப் பற்றிச் சொல்லுவேன். மருந்துக் கம்பெனிக்காரர்கள் பொதுவாக ரசித்தார்கள்.

இதெல்லாம் நான் சொல்லும் கதை. அத்தா சொல்லும் கதை வேறு. நான் கல்லூரியில் சேர்ந்து சில மாதம் கழித்து பிரஸ்ஸுக்கு ஒரு போன் வந்தது. பேசியவர் அந்த அதிகாரி. மகளுக்குக் கல்யாணமாம், பத்திரிகை அடிக்க வேண்டுமாம், அதே வார்னிஷ் போட முடியுமா என்று கேட்டாராம். இன்றும் ஒவ்வொரு பெருநாளைக்கும் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்ததும், என் வீட்டுக்காரரிடம் புதிதாகச் சொல்வது போல அத்தா ஆரம்பித்துவிடுவார்:

"கேட்டீகளா மாப்பிள்ளை, கவர்மென்டு அடிச்ச மார்க்‌ஷீட்ட வச்சு இவளுக்குக் கடைசிக்கு முந்துன சீட்டுதான் கெடச்சுச்சு. நான் அடிச்ச மார்க்‌ஷீட்டுக்கு அந்த ஆபீசரே ஆர்டர் குடுத்தாரு."